ரத்தம் சொன்ன பலாமரம்

ஒரே ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்து, இருபத்திரண்டு மைலுக்கு அப்பால் ஒரு சிறுமி பலாமரத்திலிருந்து விழுந்ததைக் கண்டுபிடித்தவன் நான். எந்த நாள், எந்த மரம், எந்தக் கிளை, பழம் காயா கனியா, எல்லாம் சொன்னேன். விழும்போது கத்தினாளா என்பதை மட்டும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை மதியம் இதை நான் சொன்னதும், கேழ்வரகுக் கள்ளில் வெந்நீர் ஊற்றிய மல்வாப் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு பேரும் வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டார்கள். நமுகோஸேயின் கடையில் இது சாதாரண விஷயம் இல்லை. அங்கே குழாய் வாயை விட்டு வருவது இரண்டே காரணத்துக்காக: பானை காலியானால், அல்லது நான் பேச ஆரம்பித்தால்.

புதிதாக எங்களோடு சேர்ந்திருக்கும் திகவலானா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், என்னை மேலும் கீழும் பார்த்தார். நாற்பது வருடம் பையன்களின் சாக்குப்போக்கைக் கேட்டுக் கேட்டுக் காய்த்துப்போன காது அவருடையது.

"எந்தக் கிளை?"

"கீழேருந்து மூணாவது."

"ரத்தத்துல எழுதியிருந்துச்சோ?"

"எழுத்து கொஞ்சம் பொடிசா இருந்துச்சு, மாஸ்டர். கண்ணாடி போட்டுப் படிச்சிட்டேன்."

எனக்கு நேரெதிரே பாலிகோவா உட்கார்ந்திருந்தான். அவன் ஒருவன்தான் குழாயை மறுபடி வாயில் வைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் என் பரிசோதனைக்கூடத்துக்கு அடுத்த அறையில் புள்ளிவிவரப் பதிவேடு வைத்திருந்தவன். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட, எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பான். இந்தக் கதையை நான் பன்னிரண்டு வருடமாகச் சொல்கிறேன். பன்னிரண்டு வருடமாக அவன் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறான்.

"ட்யூபை மாத்திட்டான்" என்றான், குழாய் வழியாகவே.

"பாருங்க மாஸ்டர், பொறாமை" என்றேன். "நீங்களே கேட்டுட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க."

அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சொல்லும்போது ஒன்றிரண்டு மைல் கூடியிருக்கலாம்.

டாக்டர் நங்கோபி என்ற அம்மாள் எங்கள் ஜிஞ்சா ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். மலேரியா தலைக்கேறி, நினைவு தப்பி வரும் பிள்ளைகளைப் பற்றியது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நாலைந்து நாளில் எழுந்து கஞ்சி கேட்பார்கள். ஆனால் எழுந்தவர்களில் சிலருக்கு, ஆறு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்து மனதில் நிற்காது. சிலருக்கு இழுப்பு வரும். சிலர் காரணமில்லாமல் அடுத்தவனைக் கடிப்பார்கள். அது யார் யாருக்கு வரும் என்று, பிள்ளை படுக்கையில் கிடக்கும்போதே ரத்தம் சொல்லுமா? அதுதான் அம்மாளின் கேள்வி.

சொல்லும் என்பது என் கட்சி. ஒரு வீட்டுக்குள் பெரிய சண்டை நடந்தால் தட்டுமுட்டுச் சாமான் தெருவில் வந்து விழும் இல்லையா? மூளையும் அப்படித்தான். அடிபட்டால் உள்ளே இருக்க வேண்டிய சாமானெல்லாம் ரத்தத்தில் வந்து விழும். அதில் டௌ என்று ஒரு புரதம். நலமான பிள்ளைக்கு எங்கள் மெஷினில் இரண்டு, மூன்று என்று காட்டும். மயங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு ஏழு, எட்டு. மலேரியாதான் என்றில்லை, எதனால் அடிபட்டாலும் ஏறும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை வைஸ்வா வந்தான். ஆறு வயது. தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு அவன் அம்மா ஓடிவந்தாள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் ஊரே அவளை நபிர்யே என்றுதான் கூப்பிட்டது. அவள் சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் அவளே யோசித்திருப்பாள். பின்னாலேயே இரட்டையரில் இன்னொன்று, கவுதா, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகளின் அத்தை, ஒரு பாய், இரண்டு வாளி, ஒரு கோழி.

வைஸ்வாவுக்கு ஊசி ஏற்றி, மருந்து போட்டு, ரத்தமும் எடுத்தாகிவிட்டது. நான் ட்யூபை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நபிர்யே வழியை மறித்து நின்றாள்.

"முசாவோ, இவளுக்கு?"

வெள்ளைக் கோட்டுப் போட்ட எவனும் எங்கள் ஊரில் முசாவோதான், அதாவது டாக்டர். கோட்டை இஸ்திரி போடுகிறவனும் உட்பட.

"இவளுக்கு என்னம்மா? நல்லாத்தானே இருக்கா?"

"அவனுக்குக் குத்தினீங்கல்ல? இவளுக்கும் குத்தணும்."

"காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கு எதுக்குக் குத்துறது?"

அத்தை உள்ளே புகுந்தாள். "என்ன முசாவோ இப்படிக் கேக்குறீங்க? நீங்க சோகாக்காரர்தானே? இரட்டையில ஒண்ணுக்குக் கொடுத்தா இன்னொண்ணுக்கும் கொடுக்கணும்னு தெரியாதா? இவ மனசுல குறை வச்சா இவ அப்பா, என் அண்ணன், உடம்பெல்லாம் கொப்புளம் போட்டுடும். போன வருஷம் வைஸ்வாவுக்கு மட்டும் செருப்பு வாங்கிட்டு வந்து பட்ட பாடு போதாதா?"

தெரியாமல் என்ன? என் பெரியப்பா வீட்டிலும் இரட்டையர் உண்டு. ஒருவனுக்குப் பல் வலி வந்தால் இருவரையும் கூட்டிக்கொண்டு போய், பல் பிடுங்குகிறவனைக் குழப்பியடிப்பார்கள்.

டாக்டர் நங்கோபி சிரித்துக்கொண்டே, "மிஸ்டர் கிருண்டா, நமக்கு நலமான பிள்ளைங்களும் வேணும்தானே, ஒப்பிட்டுப் பாக்க? அம்மா சம்மதிச்சா இவளை அந்தப் பட்டியல்ல சேர்த்துக்குங்க" என்றார்.

உடனே பாலிகோவா தன் படிவத்தோடு வந்தான். அவனிடம் நாற்பத்தோரு கேள்வி உண்டு. ஒன்றைக்கூட விடமாட்டான்.

"சமீபத்துல காய்ச்சல்?"

"இல்ல."

"இழுப்பு?"

"இல்ல."

"தலையில அடி, உயரத்துலருந்து விழுந்தது?"

நபிர்யேயும் அத்தையும் ஒன்றாகச் சிரித்தார்கள். "பொம்பளைப் பிள்ளை எங்கே போய் உயரத்துல ஏறப்போறா? எங்க வீட்டுப் பொண்ணுங்க மரம் ஏறமாட்டாங்க, ஐயா" என்றாள் அத்தை, கொஞ்சம் கோபமாகவே. கவுதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலிகோவா 'இல்லை' என்று அழகாக எழுதிக்கொண்டான்.

நான் கவுதாவின் கையைப் பிடித்தேன். அழவில்லை. குத்தும்போது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, தூங்கிவழிந்தாள். இரவெல்லாம் வீடே விழித்திருந்ததே, அதனால் என்று நினைத்தேன். அந்த உள்ளங்கையில் மட்டும் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். போகவில்லை. மூன்று பஞ்சு வீணானது. அரசாங்கப் பஞ்சு.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையிலேயே அத்தை கவுதாவைக் கூட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போய்விட்டாள். ஆடு மாட்டைப் பார்க்க ஆள் வேண்டுமே. நபிர்யே மட்டும் வைஸ்வாவின் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துக் கிடந்தாள். வைஸ்வா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

மத்தியானம் மெஷின் எண்களைத் துப்பியது. வைஸ்வா: எட்டு. சரி, எதிர்பார்த்ததுதான். கவுதா: பத்தொன்பது.

நான் மெஷினை ஒரு தட்டுத் தட்டினேன். பத்தொன்பதுதான்.

பாலிகோவா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "ட்யூபை மாத்திட்டே."

"முப்பத்துநாலு வருஷத்துல நான் ஒரு ட்யூப் மாத்தினதில்ல."

"மாத்தினது தெரிஞ்சாத்தானே கணக்கு வரும்?"

"யோவ், மாத்தியிருந்தா பையனுக்குப் பத்தொன்பது, பொண்ணுக்கு எட்டு. ரெண்டு பேர்ல ஒருத்தி நல்லா நடந்து போனவ. அவளுக்கு எட்டு எப்படி வரும்?"

அவன் எண்களை மறுபடி பார்த்தான். "அப்போ வேற யாரோட ட்யூபோ."

சரி, இவனுக்கு வாயால் பதில் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று, 'கவுதா' என்று என் கையெழுத்து ஒட்டியிருந்த ட்யூபின் அடியில் மிச்சமிருந்த சிவப்பை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்தேன். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அந்த வாரம் எங்களிடம் வந்தவர்களில் அவளைத் தவிர எல்லாரும் மலேரியாப் பிள்ளைகள். யாருடைய ரத்தத்தைப் பார்த்தாலும் கிருமி சந்தைக் கூட்டம் போல நெரியும். இந்தத் தகட்டில் நான் கால் மணி நேரம் தேடினேன். ஒன்றுகூட இல்லை. சலவை செய்து காயப்போட்ட மாதிரி சுத்தம்.

"பாரு" என்று எழுந்து இடம் கொடுத்தேன்.

பாலிகோவா பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "கிருமி இல்ல" என்றான், யாரோ அவன் பாக்கெட்டில் கை விட்ட மாதிரி.

"அப்போ இது கவுதா ரத்தம்தான். மலேரியா இல்லாம மூளைச் சாமான் தெருவுக்கு வந்திருக்கு. ஏன்?"

"ஒரு பிள்ளையோட ஒரு எண்ணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, கிருண்டா. நூறு பிள்ளைக்குப் பார்த்தா சராசரி சொல்லலாம்."

"நூறு பிள்ளை விழுற வரைக்கும் காத்திருக்கணுமா?"

அந்த 'விழுற' என்ற சொல் என் வாயிலிருந்து தானாக வந்தது. வந்ததும், அந்த உள்ளங்கை ஞாபகத்துக்கு வந்தது. கறுப்பு. ஸ்பிரிட்டுக்கு மசியாத பிசின். எண்ணெய் தடவினால் மட்டும் போகும். எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு மரத்துக்குத்தான் அவ்வளவு திமிர்.

டாக்டர் நங்கோபியிடம் ஓடினேன். அவர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்கவில்லை.

"மிஸ்டர் பாலிகோவா சொல்றது சரி. ஒரு எண் போதாது" என்றார். "ஆனா பொண்ணு நேத்து தூங்கிவழிஞ்சான்னு சொல்றீங்க. மண்டைக்குள்ள ரத்தம் மெதுவா கசிஞ்சா அப்படித்தான் இருக்கும். நாளைக்கு அவ எழுந்திரிக்காமலே போகலாம். எனக்குப் பிள்ளைதான் வேணும், எண் இல்ல. கூட்டிட்டு வாங்க. இப்பவே."

அத்தைக்குப் போன் போட்டோம். போன், சந்தி முனையில் சார்ஜ் போடும் கடையில் கிடந்தது. கடைக்காரன் எடுத்து, "அவங்க சாயங்காலம் வந்து வாங்கிப்பாங்க, வேணும்னா நான் சொல்றேன்" என்றான், உலகத்தில் அவசரம் என்று ஒன்று இன்னும் கண்டுபிடிக்கப்படாத மாதிரி. ஆராய்ச்சி வேன், குணமான பிள்ளைகளை வீட்டில் விடப் போயிருந்தது. வாசலில், வாடகைக்கு ஓட்டும் வாம்பியின் மோட்டார் சைக்கிள் மட்டும் நின்றது.

நான் ஏறினேன். எனக்குப் பின்னால் பாலிகோவாவும் ஏறினான், பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு.

"நீ எதுக்கு?"

"நீ தப்புன்னு நேர்ல எழுதிக்கிறதுக்கு."

இருபத்திரண்டு மைல். பாதி வழி சக்கரம் தரையைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்வேன். புகாம்பா மேட்டில் ஒரு கரும்பு லாரியை முந்தினோம். முந்துகிற வேகத்திலேயே வாம்பி ஒரு கரும்பை உருவி, உடைத்து, எனக்குப் பாதி கொடுத்தான். நான் அதைத் தின்று முடிப்பதற்குள் கிராமம் வந்துவிட்டது. பாலிகோவா கண்ணை மூடிக்கொண்டு வந்ததால் அவனுக்கு இதெல்லாம் தெரியாது.

ஒரு மாமரம், ஒரு வாழைத் தோட்டம், நடுவில் வீடு. முற்றத்தில் அத்தை கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு மண்டியிட்டாள். அவ்வளவுதான், போச்சு. நான் என்ன அவசரத்தில் வந்தாலும், மண்டியிட்ட பெண்ணின் முகமனை முடிக்காமல் பேச்சை ஆரம்பிக்கிற சோகாக்காரன் இன்னும் பிறக்கவில்லை.

"வாங்க ஐயா. பகல் எப்படிப் போச்சு?"

"நல்லாப் போச்சும்மா. உங்களுக்கு?"

"நல்லாப் போச்சு. வீட்டுல எப்படி?"

"நல்லா இருக்காங்க. கவுதா..."

"பிள்ளைங்க எப்படி?"

"நல்லா இருக்காங்க. அம்மா, கவுதா..."

"மழை எப்படி அங்கே?"

"மழை பரவாயில்ல!"

"மாடு?"

"மாடே இல்லம்மா என்கிட்ட!"

"அடப் பாவமே" என்றாள் அத்தை, மனப்பூர்வமாக. மாடு இல்லாததற்கு ஆறுதல் சொல்ல இன்னும் நான்கு வாக்கியம். பாலிகோவா கடிகாரத்தைப் பார்த்தான். முகமனுக்கு ஆன நேரத்தை எழுதிக்கூட வைத்திருப்பான்.

கவுதா வாழை நிழலில் படுத்திருந்தாள். மத்தியான வெயிலில் மற்ற பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும்போது அவள் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தாள். தட்டி எழுப்பினேன். எழுந்தாள், ஆனால் எழுந்து முடிக்கவில்லை. காலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாளாம். அண்ணன் ஞாபகம், என்றாள் அத்தை.

"பாப்பா, நீ எங்கேருந்தாவது விழுந்தியா?"

தலையை ஆட்டினாள். இல்லை.

"மரத்துலருந்து?"

அத்தை நிமிர்ந்தாள். "முசாவோ! எங்க வீட்டுப் பொண்ணுங்க..."

"தெரியும்மா, ஏறமாட்டாங்க."

கவுதா உதட்டை இறுக்கிக்கொண்டாள். மரம் ஏறினாள் என்று தெரிந்தால் அத்தை என்ன செய்வாள் என்று அந்த உதட்டுக்குத் தெரிந்திருந்தது. மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன். வாங்கிக்கொண்டு, பாதியைக் கடித்து, மீதியைக் காகிதத்தில் சுற்றிப் பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டாள். வைஸ்வாவுக்கு. பதில் மட்டும் வரவில்லை. பாலிகோவா பேனாவைத் திறந்தான். படிவத்தில் இரண்டாவது முறையாக 'இல்லை' எழுதப் போகிறான். எழுதினால் இவளை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அத்தை சும்மா அனுப்பமாட்டாள், டவுனுக்குப் போக இன்னொரு முறை சாமான் கட்டமாட்டாள்.

அந்த மிட்டாய்ப் பாதியைப் பார்த்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது.

பெருமூச்சு விட்டு, அத்தையைப் பார்த்து, சத்தமாகச் சொன்னேன்: "சரிம்மா, நாங்க கிளம்புறோம். ஆனா ஒண்ணு. பலாப்பழம் மொத்தத்தையும் இவ ஒருத்தியே தின்னுட்டாளாம். வைஸ்வாவுக்கு ஒரு சுளைகூடக் கொடுக்கலையாம். அதனாலதான் அவனுக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னு ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு."

கவுதா வெடித்தாள்.

"பொய்! பாதி கொடுத்தேன்! எண்ணிக் கொடுத்தேன்! கீழே விழுந்தப்பகூடப் பழத்தை விடல நான்! அவனுக்குத்தான் பெரிய பாதி!"

அத்தையின் கையிலிருந்த கடலை ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது. நான் பாலிகோவாவைப் பார்த்தேன். பேனா காகிதத்துக்கு ஓர் அங்குலம் மேலே நின்றுபோயிருந்தது.

மீதியெல்லாம் அழுகையோடு வந்தது. வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டுக்காரரின் பலா. பழுத்த பழம். தலை முதலில் பட்டது. ஒரு நிமிடம் இருட்டாக இருந்தது. பிறகு பழம் இருந்தது.

மரத்துக்காரர் வேலிக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அவர் முதலில் கம்போடுதான் வந்தார். கவுதா மறுபடி வாந்தி எடுத்ததைப் பார்த்ததும் கம்பைப் போட்டுவிட்டுப் போய்த் தன் பிக்கப் வண்டியின் சாவியோடு வந்தார். வண்டியிலிருந்த சோள மூட்டைகளை இறக்கி, மெத்தை போட்டு, அத்தையையும் பிள்ளையையும் ஏற்றினோம். கிளம்பும் நேரத்தில் பாலிகோவாவைக் காணோம். கூப்பிட்டேன். பத்து நிமிடம் கழித்து வேலிப் பக்கத்திலிருந்து வந்தான், கால்சட்டையெல்லாம் ஒட்டுப்புல்.

"இந்த நேரத்துலயா ஒதுங்கப் போவே?" என்று திட்டினேன்.

அவன் ஒட்டுப்புல்லைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்ததில் நான் எதையும் கூட்டவில்லை. கூட்ட அவசியம் இருக்கவில்லை. வழியில் கவுதா எழுப்பியும் எழவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு கண்மணி பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தது. படம் எடுத்தார்கள். மண்டையோட்டுக்கு உள்ளே, பலா இலை அளவுக்கு, உறைந்த ரத்தம். அந்த வாரம் கம்பாலாவிலிருந்து வந்திருந்த சர்ஜன் தலையை மழித்து, ஒரு சிறு துளை போட்டு, அதை எடுத்தார். விடிய விட்டிருந்தால் பிள்ளை இல்லை, என்றார். நபிர்யே ஒரு கட்டிலுக்கும் இன்னொரு கட்டிலுக்கும் நடுவில் நின்றாள். எந்தப் பக்கம் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்போது மட்டும் நான் வெளியே போய்விட்டேன். ஏதோ தூசி, கண்ணில்.

வியாழக்கிழமை காலை வைஸ்வா கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டான். மத்தியானம் கவுதா கண்ணைத் திறந்து, அவனுக்கு எவ்வளவு கஞ்சி கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

அதோடு தொல்லை ஆரம்பித்தது. கவுதாவுக்குத் தலை மழித்தாயிற்று, வைஸ்வாவுக்கு? மழித்தோம். அவளுக்குக் கட்டு, இவனுக்கு? கட்டினோம். அவளுக்குத் துளை என்று நபிர்யே வாயைத் திறந்தபோது சர்ஜன் கம்பாலா பஸ்ஸைப் பிடித்துவிட்டார். மரத்துக்காரர் இரண்டு பலாப்பழம் கொண்டுவந்தார். இரண்டும் சமமா என்று வார்டில் பெரிய தகராறு. கடைசியில் கைக்குழந்தைகளை நிறுக்கும் தராசில் அவற்றைப் படுக்கவைத்து நிறுத்தார்கள். நிறுத்தவன், சாட்சாத் பாலிகோவா. நாற்பது கிராம் வித்தியாசம். பெரிய பழத்திலிருந்து ஒரு சுளையை எடுத்துத் தானே தின்று சரிக்கட்டினான்.

ஆறு மாதம் கழித்து இருவரும் பரீட்சைக்கு வந்தார்கள். கட்டை அடுக்குவது, படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது, அந்த மாதிரி. இருவருக்கும் நல்ல மதிப்பெண். டாக்டர் நங்கோபி வீட்டுக்குப் போகும்போது பாடிக்கொண்டு போனார்; அவருக்குப் பாட வராது.

ஆனால் ஆராய்ச்சி அறிக்கையில் கவுதா இல்லை. நலமான பிள்ளைகள் பட்டியலில் அவள் பெயருக்கு மேல் பாலிகோவா சிவப்புக் கோடு போட்டுவிட்டான். பக்கத்தில்: 'நலமான பிள்ளை அல்ல. நீக்கப்பட்டது.' என் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றிக்கு உலகத்தில் இருக்கும் ஒரே எழுத்துச் சான்று அதுதான்.

இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டுக் குழாயை எடுத்தேன். பானை பாதி இறங்கியிருந்தது. கேட்டுக்கொண்டே குடித்திருக்கிறார்கள், திருடர்கள். நமுகோஸே வெந்நீர்க் கெட்டிலோடு வந்து ஊற்றினாள்.

திகவலானா என்னை விட்டுவிட்டுப் பாலிகோவா பக்கம் திரும்பினார்.

"நீங்க பொய் பேசமாட்டீங்கன்னு ஊரே சொல்லுது. இவர் பேசுவார்னும் அதே ஊர்தான் சொல்லுது. இது நடந்துச்சா, இல்லையா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் என்ன சொல்வான் என்று எல்லாருக்கும் தெரியும். ட்யூபை மாற்றிவிட்டான். நானும் அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன், பன்னிரண்டு வருடமாக வைத்திருக்கிற பதில்.

பாலிகோவா குழாயை வாயிலிருந்து எடுத்தான். எடுத்து, முனையைத் துடைத்து, மடியில் வைத்தான்.

"இருபத்திரண்டு மைல் இல்ல" என்றான். "பதினொண்ணு."

"ஆங்!" என்றார் மாஸ்டர்.

"சக்கரம் தரையிலதான் இருந்துச்சு. கரும்பை வாம்பி உருவல, லாரிலருந்து கீழே விழுந்து கிடந்தது, நிறுத்திப் பொறுக்கினான். முகமன் நாலு நிமிஷம்தான். பழத்துல வித்தியாசம் நாற்பது கிராம் இல்ல, முப்பத்தஞ்சு."

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றார் மாஸ்டர், பள்ளிக்கூடத்துக் குரலில். பன்னிரண்டு வருடத்தில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

"அப்புறம் அந்தக் கிளை." பாலிகோவா என்னை நேராகப் பார்த்தான். "மூணாவதுன்னு சொல்றான். ஊர் ஊராச் சொல்றான். தப்பு. ரெண்டாவது கிளை."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அன்னிக்கு நான் ஒதுங்கப் போகல" என்றான். "மரத்தைப் பாக்கப் போனேன். கீழேருந்து ரெண்டாவது. பாதியில முறிஞ்சிருந்துச்சு, பிசின் அப்பவும் ஒழுகிட்டிருந்துச்சு. கீழே புல்லு நசுங்கியிருந்துச்சு, ஒரு பிள்ளை அளவுக்கு." குழாயை மறுபடி கையில் எடுத்தான், ஆனால் வாயில் வைக்கவில்லை. "ட்யூபை மாத்தல, மாஸ்டர். நடந்துச்சு."